தனியாகப் போகத் துணைக்கு ஒரு சம்பந்தி

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு எதிரே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் என் சம்பந்தியம்மா உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கால்களையும் முன்னால் நீட்டியிருக்கிறார். என் மகள் தேன்மொழி தரையில் மண்டியிட்டு, அவர் காலில் புது ஷூவை மாட்டி நாடா கட்டிக்கொண்டிருக்கிறாள். நீல ஷூ. ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு.

"விரல் நுனியில இடிக்குதுங்களா அத்தை?"

"இல்ல கண்ணு. மெத்துமெத்துன்னு இருக்குது."

"எந்திரிச்சு நடந்து பாருங்க. குதிகால் தூக்குதான்னு பாக்கணும்."

நான் சமையற்கட்டு வாசலில் இரண்டு காபி டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை. ஏழாவது படிக்கும்வரை தன் ஷூவுக்குத் தானே நாடா கட்டத் தெரியாத பெண் அவள். ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். மல்பெரி இலை வாசம் போகாத கையோடு ஓடிவந்து நான்தான் கட்டிவிடுவேன். இப்போது அதே பெண் எவ்வளவு பக்குவமாக முடிச்சுப் போடுகிறாள், அதுவும் இரட்டை முடிச்சு.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வருத்தம், ஆதங்கம் என்று இதற்கு மரியாதையான பெயர்கள் நிறைய இருக்கின்றன. இத்தனை வாரமாக இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களிடம் அந்த நாடகமெல்லாம் எதற்கு? வயிறு எரிந்தது.

அந்த ஷூவை வாங்கியது ஒரு பயணத்துக்காக. அது என்னுடைய பயணம். நான் தனியாகப் போகவிருந்த பயணம். அதற்குள் சம்பந்தியம்மா எப்படி வந்தார், எனக்கு முன்னால் ஷூவோடு எப்படித் தயாரானார் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

உரிந்த மூக்கு

தருமபுரியில் கல்லூரியில் படித்தபோது என் பெஞ்சில் சாந்தி என்று ஒருத்தி இருந்தாள். என்சிசியில் இருந்தவள். ஒரு லீவில் இமயமலைப் பக்கம் ஏதோ முகாமுக்குப் போய்விட்டு வந்தாள். அவள் சொன்ன ஊர்ப் பெயரெல்லாம் மறந்துவிட்டது. மறக்காதது அவள் மூக்கு. பனியிலும் வெயிலிலும் நடந்து நடந்து நுனியில் தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. வகுப்பே "ஐயோ பாவம்" என்றது. எனக்கு அந்த மூக்கு வேண்டும் போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க எங்கள் வீட்டு மொட்டைமாடியில் முகத்தை வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தேன். முகம் கறுத்தது. மூக்கு உரியவில்லை. அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்ததுதான் மிச்சம்.

அப்புறம் கல்யாணம். எங்கள் ஊரான இண்டூரிலேயே கொடுத்தார்கள். கணவருக்கு மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழுக் கொட்டகையும். புழு வளர்க்காதவர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். கொட்டகையில் புழு இருக்கும்போது வீட்டை விட்டு நகர முடியாது. காலையில் இலை, மத்தியானம் இலை, பொழுது சாய்ந்தால் இலை. கைக்குழந்தையைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்வரலாம். புழுவை யாரிடம் கொடுப்பது?

அது கூடு கட்டி, நாங்கள் கூட்டைப் பிரித்தெடுத்து, கர்நாடகத்தில் ராமநகரம் மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போட்ட பிறகு, கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பும் மருந்தும் அடித்து ஆறப் போடுவோம். அடுத்த புழு வருகிறவரை கிடைக்கிற கொஞ்ச நாள்தான் எங்களுக்கு மூச்சு விட. அதிலும் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று சொந்தக்காரர்கள் பங்கு கேட்டு வந்துவிடுவார்கள்.

போனில் வீடியோ பார்க்கிற காலம் வந்தது. இலை நறுக்கும் இடத்தில் போனை ஜன்னல் கம்பியில் செருகிவைத்துப் பார்ப்பேன். முதுகில் பெரிய பையோடு நடக்கும் பெண்கள். ஒருத்தி பாறை மேல் உட்கார்ந்து ரொட்டி தின்கிறாள். "சுத்துவட்டாரத்துல நான் மட்டும்தான்" என்கிறாள். அதில் ஓடுகிற பாட்டெல்லாம் காதில் ஏறாது, நான் அவர்கள் மூக்கைத்தான் பார்ப்பேன்.

சாந்தி மீது இருந்த பொறாமை இப்படி முகம் தெரியாத பெண்கள் மீதெல்லாம் பரவியது. யார் யாரோ எங்கெங்கோ போகிறார்கள். நான் மட்டும் இலை நறுக்குகிறேன் என்று தோன்றிவிட்டால், அப்புறம் அந்தக் கத்தியைப் பிடிக்கிற கை சும்மா இருக்காது. அன்றைக்கு இலை ரொம்பப் பொடியாக விழும்.

போன மழைக்குப் பிறகு கொட்டகை ஓய்ந்திருந்த நாட்களில் ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்த இடைவெளியில் குடகு. பெங்களூர் வரை ரயில், அங்கிருந்து மடிக்கேரிக்குப் பஸ், அதன் பிறகு நடை. காபித் தோட்டத்து வீடுகளில் தங்கலாம் என்கிறார்கள். கூடு விற்றுப் பழகிய கன்னடம் கைவசம் இருக்கிறது. பேரம் பேசவும் சண்டை போடவும் அது தாராளம். ஒரு வாரம், நான் மட்டும்.

துணை தேடிய படலம்

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. விஷயத்தைச் சொன்னபோது களி உருண்டையைக் குழம்பில் தொட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"போயிட்டு வா. யாரு வேணாம்னா? துணைக்கு ஒரு ஆளு கூட்டிக்கோ."

"தனியாப் போறதுதாங்க திட்டமே."

"தனியாவே போ. கூட ஒரு ஆளு இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

இன்னொரு களி உருண்டையை அவர் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன்.

தேன்மொழி தருமபுரி டவுனில், புகுந்த வீட்டில் இருக்கிறாள். போனில் அவள் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "தனியாப் போனீனா நான் உங்கூடப் பேச மாட்டேன்மா." கொட்டகைக்கு மருந்தடிக்கும்போது ஒருமுறை நான் மயங்கி விழுந்திருக்கிறேன். அதைச் சொல்லிக் காட்டினாள். அது மருந்து நெடி, குடகில் யாரும் மருந்தடிக்கப் போவதில்லை என்றேன். போனை வைத்துவிட்டாள்.

தனியாகப் போவதற்காகத் துணை தேடி அலைந்தவள் இந்த ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

முதலில் பெரியப்பா மகள் சரசுவைக் கேட்டேன். "குடகா? அந்தப் பக்கம்தானே தர்மஸ்தலா? அதையும் பாத்துரலாம். அப்படியே சுப்ரமண்யாவும் போயிட்டு வந்தா என் மருமவனுக்கு ஒரு வேண்டுதல் இருக்குது" என்றாள். அவளிடம் காட்டைக் காட்டினாலும் அதில் கோயில் எங்கே என்றுதான் கேட்பாள். எதிர்வீட்டுப் பத்மா உடனே சரி என்றாள். சாயங்காலம் வந்து, "எங்க வூட்டுக்காரரும் வரேங்கறாரு, அவரு தங்கச்சியும் வருது, பேசாம ஒரு வேன் வெச்சிக்கலாம், கேஸ் அடுப்பு எங்கிட்ட இருக்குது" என்றாள். 

கடைசியில் போனில் ஒரு நடைக் குழுவில் சேர்ந்தேன். பெங்களூரிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"ஆன்ட்டி, உங்க ஃபிட்னெஸ் லெவல் என்னங்க?"

"தெனமும் இலைக்கட்டு தூக்குறேம்மா."

"அது என்ன எக்சர்சைஸ் ஆன்ட்டி?"

விளக்கினேன். அப்புறம் அந்தப் பெண் கூப்பிடவே இல்லை. ஆனால் அவர்கள் குழுவாக எங்கோ புல்வெளியில் கைகோத்து நின்ற போட்டோ மட்டும் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அழிப்பேன்.

இந்த நிலைமையில் ஒருநாள் தேன்மொழியே கூப்பிட்டாள். குரலில் அத்தனை குளிர்ச்சி.

"அம்மா, ஆளு கெடைச்சாச்சு. அத்தை வர்றேன்னு சொல்லிட்டாங்க."

நல்ல மாமியார்

சம்பந்தியம்மா பெயர் ராஜேஸ்வரி. ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரம். புடவை மடிப்பு காலையில் வைத்தது சாயங்காலம் வரை கலையாது. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. என் மகளைப் பெயர் சொல்லியே கூப்பிட மாட்டார், "கண்ணு" என்பார். அவளுக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காயைத் தொட்டுக்கொள்ளச் செய்து ஆபீசுக்குக் கொடுத்தனுப்புவார்.

குறையே சொல்ல முடியாத மனுஷி. என் கஷ்டமே அதுதான். கொஞ்சம் கொடுமைக்கார மாமியாராக வாய்த்திருந்தால் என் மகள் மாசத்துக்கு ஒருமுறையாவது மூக்கைச் சிந்திக்கொண்டு என் மடியில் வந்து படுத்திருப்பாள். இப்போது பண்டிகைக்கு வருகிறாள். வந்த மறுநாளே, "அத்தை தனியா இருப்பாங்க" என்று கிளம்பிவிடுகிறாள். நான் தனியாக இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. என்னைச் சுற்றித்தான் ஆயிரக்கணக்கில் புழு இருக்கிறதே.

வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பெண் கொடுத்த வீடு நாங்கள். மாப்பிள்ளையின் அம்மா தானாக முன்வந்து "வருகிறேன்" என்கிறார். "நீங்கள் வர வேண்டாம், நான் தனியாகப் போக ஆசைப்படுகிறேன்" என்று எந்த ஊரில் சொல்வார்கள்? "ரொம்ப சந்தோசங்க சம்மந்தி" என்றேன். சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய், தேவையே இல்லாமல் ஒரு வரப்பு முழுக்கக் களை பிடுங்கினேன்.

அதற்கடுத்த வாரம்தான் அந்த ஷூ. தேன்மொழியும் மாப்பிள்ளையும் பெங்களூருக்கே போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியது. கூடவே முதுகுப் பை ஒன்று. இடுப்பில் கட்ட வாரெல்லாம் வைத்தது.

"எனக்கு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"நீ தோட்டத்துல போடற கேன்வாஸ் இருக்குதில்லம்மா. அதுதான் உனக்குப் பழகியிருக்கும்."

நியாயமான பதில். பழகின செருப்பு கடிக்காது. நானும் பழகினவள்தானே, கடிக்க மாட்டேன் என்று நினைத்திருப்பாள்.

ரவிக்கைத் துணியோடு மலையேற்றம்

குடகுக்கு முன்னால் வத்தல்மலையில் ஒருநாள் நடந்து பார்க்க வேண்டும் என்பது தேன்மொழியின் உத்தரவு. இப்போது மலைக்கு ரோடு இருக்கிறது, பஸ் போகிறது. ரோடு வருவதற்கு முன்னால் மலைக்காரர்கள் சாமையும் கேழ்வரகும் சுமந்து இறங்கிய ஒற்றையடிப் பாதையும் அங்கங்கே மிச்சம் இருக்கிறது. அதில் ஏறுவதாக ஏற்பாடு.

என் வீட்டுக்காரர் அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டார். சம்பந்தியம்மா இறங்கிப் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் என்னிடம் மட்டும் சொன்னார். "பாதி ஏறுனா ஒரு பெரிய புளியமரம் வரும். வழி ரெண்டாப் பிரியும். சோத்துக்கைப் பக்கம் போங்க."

நடக்க ஆரம்பிக்கும் முன்பே முதல் சிக்கல். யார் முன்னால் போவது? ஒற்றையடிப் பாதையில் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது.

"நீங்க போங்க சம்மந்தி" என்றேன்.

"உங்க பக்கத்து மலைங்க. நீங்கதான் போகணும்."

"அதெப்படிங்க, நீங்க வர நான் முன்னாடி போறது?"

வேப்பமரத்தடியில் நின்று இப்படியே கொஞ்ச நேரம் போனது. கடைசியில் அவரே முன்னால் நடந்தார். பாதை தெரிந்தவள் பின்னால், தெரியாதவர் முன்னால்.

சாப்பாடு, தண்ணீர், இரண்டு பேருக்கான துண்டு, எல்லாம் என் பையில். மாப்பிள்ளையின் அம்மாவைச் சுமக்க விடலாமா? அவருடைய பெங்களூர்ப் பைக்குள் ஒரு சால்வையும் மூக்குக் கண்ணாடிக் கூடும்தான். என் பைக்குள் புளிசாதம், கெட்டித் தயிர், அதிரசம், இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு ரவிக்கைத் துணியும் குங்குமப் பொட்டலமும். சம்பந்தி நம்மோடு வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பலாமா? ரவிக்கைத் துணியோடு மலையேறியவள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

எனக்குத் தாகம் எடுத்தது. அவர் குடிக்காமல் நான் எப்படிக் குடிப்பது? நான் பாட்டிலை எடுத்து நீட்டினால், "நீங்க குடிங்க" என்கிறார். "நீங்க முதல்ல" என்கிறேன். "எனக்கு வேணாங்க" என்கிறார். பாட்டில் பைக்குள் போய்விடுகிறது. உட்காரலாம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேர் மூச்சும் ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது.

பின்னால் வருகிறவள் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதானே தெரியும்? எனக்கு முன்னால் அந்த நீல ஷூ. கல்லுக்குக் கல் அது ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நாடாவில் இரட்டை முடிச்சு அவிழாமல் இருந்தது. அவிழ்ந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்வதற்கென்ன.

புளியமரம் வந்தது. பெரிய மரம், கணவர் சொன்ன மாதிரியே வழி இரண்டாகப் பிரிந்தது. சம்பந்தியம்மா இடது பக்கம் காலை வைத்தார். ஒரு நொடி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மரியாதையாகப் புன்னகைத்தேன். அவரும் புன்னகைத்துவிட்டு இடது பக்கமே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

ஆட்டுப்பட்டி

அந்தப் பாதை போகப் போக ஒடுங்கியது. உண்ணிச் செடி இரண்டு பக்கமும் கையைக் கிழித்தது. ஆட்டுப் புழுக்கை வாசம் வந்தது. கடைசியில் ஒரு முள்வேலிக்கு முன்னால் போய் முடிந்தது. உள்ளே ஆட்டுப்பட்டி. பக்கத்தில் சாமைக் கொல்லை. களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து எங்கள் பைகளைப் பார்த்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"மேல ஊருக்குங்க."

"இது எங்க பட்டிக்கு வர்ற வழியாச்சே. புளியமரத்தாண்டயே அந்தாண்ட போயிருக்கணும். நீங்க ரெண்டு பேரும் யாரு, அக்கா தங்கச்சியா?"

"சம்மந்திங்க" என்றோம் இருவரும்.

"சம்மந்தியும் சம்மந்தியும் இங்க எதுக்கு வந்தீங்க? எதாச்சும் பஞ்சாயத்தா?"

பலாமரத்து நிழலில் உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முதலில் யார் குடிப்பது என்று நாங்கள் ஆரம்பித்ததைப் பார்த்து, உள்ளே போய் இன்னொரு சொம்பு எடுத்துவந்தார். அப்புறம்தான் இருவரும் குடித்தோம்.

"சம்மந்தி, ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றார் சம்பந்தியம்மா. "அந்த மரத்துக்கிட்டயே எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் பாறையில வெள்ளை பெயிண்டுல அம்பு போட்டிருந்துச்சு. காலை வெச்ச பொறவுதான் பாத்தேன்."

"பின்ன ஏங்க போனீங்க?"

"உங்களைத் திரும்பிப் பாத்தேன். நீங்க சிரிச்சீங்க. உங்களுக்குத் தெரியாத மலையா, ஏதோ குறுக்கு வழி போலன்னு நெனச்சேன். நான் போயி உங்களைத் தப்புன்னு சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

"எனக்கும் தெரியுங்க. எங்க வூட்டுக்காரர் சொல்லித்தான் அனுப்புனாரு. நீங்க போறீங்க, உங்களை எப்படிங்க நில்லுங்கன்னு சொல்றது?"

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கொல்லைக்கார அம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் களை எடுக்கப் போய்விட்டார்.

சிரித்து முடித்ததும் அவர் ஷூவைக் கழற்றினார். புது ஷூ கடித்துவிட்டிருந்தது. குதிகாலில் தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. இதிலும் என்னை முந்திக்கொண்டார்.

"இவ்வளவு வலியோட ஏங்க நடந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்கு மலையே ஆகாதுங்க சம்மந்தி. மாடிப்படி ஏறுனாலே படபடங்கும்."

"பின்ன ஏன் வர்றேன்னீங்க?"

அவர் கழற்றிய ஷூவைத் தட்டி ஓரமாக வைத்தார்.

"கண்ணுக்காகத்தான். அம்மா அங்க போயி எங்கயாச்சும் மயங்கி விழுந்துட்டா யாருக்கு அத்தை தெரியும், நான் எங்கன்னு போயி தேடுவேன்னு ஒரே பொலம்பல். சோறு எறங்கல அவளுக்கு. நான் கூடப் போறேன் கண்ணுன்னேன். அவ மொகம் தெளிஞ்சுது பாருங்க. அதுக்கு மேல எனக்கு யோசனையே வரல. மலையா இருந்தா என்ன, கடலா இருந்தா என்ன."

அப்படியானால் ஷூ, பை, மண்டியிட்டு நாடா கட்டியது எல்லாமே எனக்காகத்தான். இதைக் கேட்டதும் என் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. இத்தனை நாள் ஒரு ஷூவுக்காக எரிந்தது இப்போது வேறிடத்தில் பிடித்துக்கொண்டது. என் மகள் தன் பயத்தை இவரிடம் சொல்லியிருக்கிறாள். சோறு இறங்காமல் இவர் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வந்தது "பேச மாட்டேன்" என்கிற கோபம் மட்டும்தான். பயத்தைச் சொல்ல ஓர் ஆள், கோபத்தைக் காட்ட ஓர் ஆள் என்று பிரித்து வைத்திருக்கிறாள். எந்தப் பங்கு பெரியது என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

அதோடு போகவில்லை. அவளுக்காக இந்த மனுஷி ஆகாத மலையைக் குதிகால் உரிய ஏறி வந்திருக்கிறார். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, தனியாகப் போகாதே என்று. அதை நான் தரப் போவதில்லை. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த இடத்தில் அவர் மீது எனக்கு இருந்த பொறாமையை எழுதப் புதிதாக ஒரு சொல் வேண்டும்.

"நீங்க தனியாத்தான் போகணும்னு இருக்கீங்க" என்றார். "காலைல இருந்து உங்க மொகத்தைப் பாத்துக்கிட்டுதானே வர்றேன். நான் வரலைங்க. கண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அவ கேக்க மாட்டா. பிடிவாதம்."

"நான் சொன்னா கேப்பா."

பெருமைக்காகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் அப்படிச் சுட்டது.

புளிசாதத்தை மூன்று பேருமாகச் சாப்பிட்டோம். கிளம்பும்போது கொல்லைக்கார அம்மா பலாச்சுளை கொடுத்தார். அதையே பழமாக வைத்து, ரவிக்கைத் துணியும் குங்குமமும் சேர்த்து ஆட்டுப்பட்டி ஓரத்தில் சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்தேன். அவர் வெறுங்காலோடு கிழக்கே பார்த்து நின்று, முந்தானையில் வாங்கிக்கொண்டார். முறை என்றால் முறை.

வெந்நீர்

இறங்கி வந்தபோது தேன்மொழி எங்கள் வீட்டில் காத்திருந்தாள். சம்பந்தியம்மா நொண்டுவதைப் பார்த்ததும் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, கல்லுப்புப் போட்டு, அவர் காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"என்னால முடியல கண்ணு. நான் குடகுக்குப் போகல. அம்மா தனியாப் போயிட்டு வரட்டும்."

"அத்தை..."

"நான் பாத்துட்டுதான் சொல்றேன். உங்கம்மா நடக்கறது நடை. மூட்டையெல்லாம் அவங்கதான் சொமந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

தேன்மொழி தண்ணீருக்குள் கையை விட்டு அவர் குதிகாலைச் சுற்றித் தடவிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. அப்புறம், "சரிங்க அத்தை" என்றாள்.

அவ்வளவுதான். எத்தனை நாள் போனில் கத்தியிருப்பேன், எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். இரண்டு வார்த்தையில் முடிந்தது. எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, அவர் வாங்கிக் கொடுத்தார்.

எனக்கும் கால் வலித்தது. யாரும் கேட்கவில்லை. நானே அடுப்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வைத்துக்கொண்டு, அது காய்கிறவரை சமையற்கட்டிலேயே நின்றேன். கூடத்தில் இருவரும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிக்னல் விழும் வரை

கூடு விற்றுக் கொட்டகை ஓய்ந்ததும் ஒரு காலையில் கிளம்பினேன். தருமபுரி ஸ்டேஷனுக்கு இருவரும் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்கிற ஆள் வந்துவிட்டான் என்று வரவில்லை.

தேன்மொழி என் பையைத் திறந்து மாத்திரை இருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா என்று பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலைலயும் சாயங்காலமும் போன் பண்ணணும்."

"டவர் கெடைச்சாப் பண்றேன்."

"கெடைக்கிற எடத்துக்கு வந்து பண்ணு."

ரயில் வந்தது. ஏறி, பையை உள்ளே தள்ளிவிட்டு வாசலில் வந்து நின்றேன். வண்டி கிளம்பும்வரை நிற்பாள் என்று நினைத்தேன். அவள் விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். தண்ணீர்க் குழாய் வரை போனாள். அங்கே நின்றுவிட்டாள். தோள் குலுங்கியது.

சம்பந்தியம்மா பின்னாலேயே ஓடினார். உரிந்த குதிகால் ஆறியிருந்ததோ என்னவோ, ஓடத்தான் செய்தார். அவளைத் திருப்பித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். என் மகள் அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்த மடிப்புக் கலையாத புடவை முழுக்கக் கசங்கியது. அவள் தலைக்கு மேலாக அவர் என்னைப் பார்த்து, போங்க போங்க என்று கையை ஆட்டினார்.

சிக்னல் இன்னும் விழவில்லை. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு படி இறங்கினால் பிளாட்பாரம். போய் அவளை அந்தத் தோளிலிருந்து பிரித்து என் தோளில் சாய்த்துக்கொள்ளலாம். எனக்காக அழுகிற அழுகைதானே அது. ஆனால் நான் இறங்கினால் அவள் அழ மாட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் இறங்குனே?" என்று கோபப்படுவாள்.

சம்பந்தியம்மா கையை ஆட்டுவதை நிறுத்தவில்லை. நான் பையை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னலோரம் காலியாக இருந்தது.